சான்று யார்? தமிழில் ஆணைமொழியின் வரலாறும் அறநோக்குகளின் வேறுபாடும்

1. முன்னுரை

இடுக்கி மாவட்டத்துப் பீருமேடு வட்டத்தில் அமைந்த ஏலப்பாறை, தேயிலைத் தோட்டங்களும் ஏலக்காடுகளும் சூழ்ந்த மலையூராகும். தமிழரும் மலையாளிகளும் அவ்வூர்ப்பெயரைத் தத்தம் மொழிக்குரியதாகவே பொருள்கொள்வர். தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இம்மலைப்பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். ஏலப்பாறைக்கு அணித்தாயுள்ள வாகமண்ணில் தங்கள் பாறை, முருகன் மலை, குரிசுமலை என மூன்று குன்றுகள் மூன்று சமயத்தார்க்கும் உரியனவாக நிற்கின்றன. எச்சமயத்தையும் அடிப்படையாகக் கொள்ளாத தொழிற்சங்க இயக்கமும் இம்மாவட்டத்துத் தோட்டங்களில் வேரூன்றியது. எனவே, 'பொய் சொல்லலாகாது' என்னும் ஓர் அறத்தை வெவ்வேறு அடிப்படைகளில் நின்று ஏற்போர் ஒரே வட்டாரத்தில் வாழ்வதை இங்குக் காணலாம்.

அந்த அடிப்படை வேறுபாடு பேச்சளவில் நின்றுவிடுவதன்று. சட்டத்தின் சொல்லமைப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. இதனை இடுக்கி மாவட்டத்தின் மற்றொரு தமிழ்ப் பகுதியான தேவிகுளத்தை ஒட்டி எழுந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. 2021 மே 24 அன்று கேரளச் சட்டப்பேரவையில் தேவிகுளம் தொகுதியின் உறுப்பினர் அ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். அதற்கெனத் தமிழாக்கப்பட்டிருந்த வாசகத்தில் கடவுளின் பெயரால் ஆணையிடுவதைக் குறிக்கும் தொடர் இல்லை. உளமார உறுதி கூறுவதைக் குறிக்கும் தொடரும் இல்லை. இரண்டில் ஒன்றைக் கூறாத உறுதிமொழி முறையானதாகாது என்பதால், 2021 ஜூன் 2 அன்று அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. முறையாக உறுதிமொழி ஏற்குமுன் அவையில் அமர்வோர்க்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் என்பது அரசியலமைப்பின் 193ஆம் உறுப்பு கூறும் விதி. அதன்படி அவருக்குத் தண்டமும் விதிக்கப்பட்டது.

மொழிபெயர்ப்பில் ஒரு தொடர் விடுபட்டதால் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரின் இருக்கை குறித்தே ஐயம் எழுந்தது. விடுபட்ட அத்தொடர் எதைச் சுமந்து நிற்கிறது? கடவுளை ஏற்பவரும் ஏற்காதவரும் அதே கடமையைத்தான் மேற்கொள்கின்றனர். அரசியலமைப்பின்பால் பற்று, நாட்டின் இறையாண்மை, கடமையில் நேர்மை ஆகிய பகுதிகளில் ஒரு சொல்லும் வேறுபடவில்லை. வேறுபடுவது, அக்கடமைக்குச் சான்றாக நிற்பது யார் என்பது மட்டுமே. சமயம் சார்ந்த அறநோக்கும் சமயம் சாராத அறநோக்கும் பெரிதும் வேறுபடுமிடம் கடமையின் உள்ளடக்கம் அன்று, அக்கடமையின் சான்றே என்பதைத் தமிழில் ஆணைமொழிக்குரிய சொற்களின் வரலாற்றைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சூளும் வஞ்சினமும்

பழந்தமிழ் இலக்கியத்தில் ஆணைமொழி இரு வேறு பெயர்களில் வழங்கியது. ஒன்று சூள், மற்றொன்று வஞ்சினம். அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தரும் உறுதி சூள் எனப்படும். அது பெரும்பாலும் தெய்வத்தை முன்னிட்டு உரைக்கப்படுவது. சூள் பொய்த்தவனைத் தெய்வம் வருத்தும் என்னும் அச்சம் அப்பாடல்களில் தொடர்ந்து காணப்படுகிறது. பரிபாடலின் எட்டாம் பாடலில் பரங்குன்றத்தைச் சுட்டிச் சூளுரைக்கும் தலைவனைத் தோழி அவ்வச்சங் காட்டித் தடுக்கிறாள். குறுந்தொகையின் 87ஆம் பாடலில், மன்றத்து மராமரத்தில் உறையும் கடவுள் கொடியவரை ஒறுக்கும் என்பதை நினைவுகூரும் தலைவி, தலைவன் கொடியவன் அல்லன் எனத் தெய்வத்தின் முன் அவனுக்காக வழக்காடுகிறாள். அந்நூலின் 25ஆம் பாடலோ சான்று இல்லாத நிலையைக் காட்டுகிறது. தலைவன் உறுதி கூறியபோது அருகிருந்தது நீரில் இரைதேடிய ஒரு குருகு மட்டுமே. அவன் மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்பதே தலைவியின் துயரம்.

வஞ்சினம் இதினின்றும் வேறானது. காஞ்சித்திணையில் வஞ்சினத்தை வைத்துரைக்கும் தொல்காப்பியம், இன்னது தவறினால் எனக்கு இன்னது நேர்க எனக் கூறும் நிபந்தனை அமைப்பையே அதன் இலக்கணமாகக் கொள்கிறது. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் மூன்றும் இவ்வகையின. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், பகைவரை வெல்லேனாயின் தன் குடிமக்கள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக என்றும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழிக என்றும், இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னை அடைக என்றும் உரைக்கிறான். பூதப்பாண்டியனின் வஞ்சினத்தில் மனைவியைப் பிரிதலும், அறங்கூறும் அவையத்தில் தகுதியற்றவனை அமர்த்திய பழியும், நண்பரை இழத்தலும், தன் குடியை விட்டு வேறு குடியில் பிறத்தலும் இடம்பெறுகின்றன. மறுபிறப்பு நம்பிக்கை இதில் உண்டெனினும், தவறியவனை ஒறுக்கும் தெய்வம் என எதுவும் சுட்டப்படவில்லை. அரசனைக் கட்டுப்படுத்துவன குடிபழியும் புலவர் வாய்ச்சொல்லும் உறவின் இழப்புமே ஆகும்.

திருக்குறளின் முப்பதாம் அதிகாரம் மூன்றாவது ஒரு நிலையைக் காட்டுகிறது. வாய்மை என்பதற்குத் தீமை பயவாத சொல் என விளக்கம் தரும் அவ்வதிகாரம், அறிந்தே பொய் கூறியவனை அவனது நெஞ்சமே வருத்தும் என்கிறது. இங்குச் சான்று தெய்வமும் அன்று, ஊரும் அன்று, உள்ளமே.

ஆகத் தெய்வம், ஊர், நெஞ்சு ஆகிய மூன்று சான்றுகளும் பழந்தமிழிலேயே தனித்தனியே நிலைபெற்றிருந்தன. வஞ்சினம் உரைத்த அரசரை இக்காலப் பொருளில் சமயம் சாராதவர் எனக் கொள்வது பொருந்தாது. அவரும் தெய்வங்களை வழிபட்டவரே. ஆயினும், தெய்வத்தைச் சான்றாக்காமல் ஒருவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் மொழியமைப்பு தமிழுக்கு அண்மையில் வந்து சேர்ந்ததன்று என்பது இதனால் பெறப்படும்.

3. சமய மரபுகளில் ஆணை

இடைக்காலத்தில் தெய்வச்சான்று வலுப்பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இடம்பெறும் திருநீலகண்ட நாயனார் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. பரத்தையிடம் சென்று மீண்ட கணவரை, எம்மைத் தீண்டலாகாது எனத் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு மனைவியார் தடுக்கிறார். அவர் தன்மைப் பன்மையில் கூறியதைக் கொண்டு, நாயனார் அவரை மட்டுமன்றி வேறெந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை எனத் துணிகிறார். ஒரு பெயரின் எண் விகுதி ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் கட்டுப்படுத்துகிறது. இப்பகுதியை ஆங்கிலத்தில் பெயர்ப்போர், அப்பன்மையை ஒருமையாக்கினால் கதையின் காரணமே அழிந்துவிடும். ஆணையில் சொல்லப்பட்டதே கட்டுப்படுத்தும், சொன்னவர் கருதியதன்று என்னும் கோட்பாடு இவ்வரலாற்றில் அடங்கியுள்ளது.

அதே வரலாற்றின் பிற்பகுதியில் காணாமற்போன திருவோட்டுக்காக எழும் வழக்கில், மகனின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கி உண்மை கூறுமாறு நாயனார் கேட்கப்படுகிறார். மகன் இல்லாமையால் மனைவியின் கையைப் பற்றி மூழ்குமாறு பணிக்கப்படுகிறார். அன்புக்குரியவரை முன்னிட்டு ஆணையிடும் இவ்வழக்கம், பிள்ளையைத் தாண்டிச் சத்தியம் செய்தல், தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தல் முதலியனவாக ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் நிலைத்தது. எரியும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தலும் அத்தகையதே. கல்வெட்டுகளில் கொடைக்குத் தீங்கு செய்வோர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் அடைவர் எனப் பொறிக்கப்பட்டதும் இதே அச்சத்தின் மேல் எழுந்ததே.

எனினும் 'சமய நோக்கு' என ஒன்றாகத் தொகுத்துக் கூறுவது பிழைபடும். இசுலாமிய நெறியில் ஆணை இறைவன் பெயரால் மட்டுமே அமையலாம். தந்தையின் மீதோ பிள்ளையின் மீதோ ஆணையிடுவது விலக்கப்பட்டது. மனமறிந்து செய்த ஆணையை முறித்தவர் பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ அளித்தல் அல்லது ஓர் அடிமையை விடுவித்தல் வேண்டும், இயலாதவர் மூன்று நாள் நோன்பிருத்தல் வேண்டும் எனத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் கழுவாய் வகுத்துள்ளது. கிறித்தவ நெறியில் மலைப்பொழிவு ஆணையிடுதலையே முற்றாக விலக்கி, ஆம் என்பதும் இல்லை என்பதுமே போதும் என்கிறது. அதே விவிலியம் இறைவன் ஆணையிட்டதையும் கூறுகிறது. தமிழ் விவிலியத்தில் இவற்றுக்குச் சத்தியம், ஆணை என்னும் சொற்கள் ஆளப்பட்டன. சமணமும் பௌத்தமும் படைப்புக் கடவுளை ஏற்காதவை. எனினும் பொய்யாமையை நோன்பாகவும் சீலமாகவும் கொண்டவை. எனவே சமயம் என்றால் கடவுட்சான்று எனக் கொள்வதும், கடவுட்சான்று இல்லையேல் சமயமின்மை எனக் கொள்வதும் தவறாகும்.

4. நீதிமன்றத்தில் ஆணையும் உறுதிமொழியும்

இவ்வேறுபாடுகள் அனைத்தையும் ஒரே நீதிமன்றத்தில் எதிர்கொள்ள வேண்டிய நிலை ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. ஆங்கிலச் சட்டத்தில் சான்றுரைப்பவர் கிறித்தவ முறையில் ஆணையிடல் வேண்டும். கல்கத்தாவில் அந்தணரின் பாதத்தைத் தொட்டு ஆணையிட்ட இந்துக்களின் சாட்சியம் ஏற்கத்தக்கதா என்பது ஓமிசந்த் எதிர் பார்க்கர் வழக்கில் வினாவாயிற்று. 1744இல் இலண்டன் சான்சரி நீதிமன்றம் அது ஏற்கத்தக்கதே எனத் தீர்ப்பளித்தது. பொய்யை ஒறுக்கும் ஒரு கடவுளை நம்பும் எவரும் தம் மனத்தைக் கட்டுப்படுத்தும் முறையில் ஆணையிடலாம் என்பதே அதன் அடிப்படை. வேற்றுச் சமயத்தாருக்குத் திறந்த அவ்வாயில் கடவுளை ஏற்காதவருக்குத் திறக்கவில்லை. அச்சம் இல்லாதவரிடம் வாய்மையும் இராது என்பதே அக்காலச் சட்டத்தின் கருத்து.

ஆணைக்கு மாற்றான உறுதிமொழி எங்கிருந்து வந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. அதனைக் கேட்டுப் பெற்றவர்கள் கடவுள் மறுப்பாளர் அல்லர். மலைப்பொழிவின் விலக்கைச் சொல்லளவிலேயே பின்பற்றிய குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். 1696இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அவர்களுக்கு ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி வழங்கியது. அதில் எல்லாம் வல்ல இறைவனின் பெயர் இருந்ததால் அதுவும் ஆணையே எனப் பலர் மறுத்தனர். 1722இல் இறைவன் பெயரற்ற வாசகம் அவர்களுக்கு ஏற்கப்பட்டது. இறைவன் பெயரை நீக்கிய உறுதிமொழி மிகுந்த இறைப்பற்றின் விளைவாகவே முதலில் தோன்றியது.

இந்தியாவிலும் அதுவே நிகழ்ந்தது. கங்கை நீரைத் தொட்டும் திருக்குர்ஆனைத் தொட்டும் ஆணையிட இந்துக்களும் முசுலிம்களும் தயங்கியதால் நீதி தடைப்படுகிறது எனக் கூறி, 1840இன் ஐந்தாம் சட்டம் அவர்களுக்கு உறுதிமொழியை விதித்தது. அதில் இறைவனின் திருமுன் என்னும் தொடர் இருந்தது. 1873இன் இந்திய ஆணைச் சட்டம் இந்துக்கள், முசுலிம்கள், ஆணையிட மறுப்பவர் ஆகியோர்க்கு உறுதிமொழியை உரியதாக்கியது. அச்சட்டம் மற்றொரு வழியையும் திறந்து வைத்திருந்தது. தம் இனத்தாரோ சமயத்தாரோ கட்டுப்படும் தனிமுறையில் எதிர்க்கட்சிக்காரர் ஆணையிட்டால் அதற்குக் கட்டுப்படுவதாக ஒருவர் கூறலாம். அவ்வாறு ஆணையிட்டு உரைத்தது முடிந்த முடிபாகும். ஆயின் அம்முறை நீதிக்கும் நாகரிகத்துக்கும் மாறாக இருத்தலும், மூன்றாமவர் ஒருவரைப் பாதிப்பதாக அமைதலும் கூடாது. பிள்ளையைத் தாண்டிச் செய்யும் சத்தியம் இவ்விதியால் விலக்கப்பட்டது. ஒருவர் தம் வாய்மைக்குத் தம் பிள்ளையை ஈடு வைக்கலாகாது என்னும் அறத்தை இசுலாமிய நெறியும் ஆங்கிலேயர் இயற்றிய சட்டமும் வெவ்வேறு வழிகளில் வந்தடைந்தன.

1969இன் ஆணைச் சட்டம் 1873இன் சட்டத்தை நீக்கியது. தனிமுறை ஆணை அதில் இடம்பெறவில்லை. சமய வேறுபாடு கருதாமல் எவரும் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உறுதி கூறலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர், ஆணையின் இயல்பை அறியாவிடினும் உண்மை பேசும் கடமையை உணர்ந்திருப்பின் ஆணையின்றியே சான்றுரைக்கலாம் என்கிறது அச்சட்டத்தின் நான்காம் பிரிவு. ஆணை வேறு, உண்மை பேசும் கடமை வேறு என்பதைச் சட்டம் இங்கு வெளிப்படையாகப் பிரித்துவிட்டது. நீதிமன்றத்தில் பொய்ச்சான்று கூறியவருக்கு ஏழாண்டு வரை சிறை என்னும் தண்டனை இருசாரார்க்கும் பொது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்கிதா வந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை.

5. இலௌகிகமும் சுயமரியாதையும்

கடவுளை ஏற்காதவர் தம் பெயரிலேயே இவ்வுரிமையைக் கேட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1880இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சார்லஸ் பிராட்லா, ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி கூற விரும்பினார். அது மறுக்கப்பட்டது, ஆணையிட அவர் முன்வந்தபோது, நம்பிக்கையற்றவரின் ஆணை செல்லாது என அதுவும் தடுக்கப்பட்டது. பலமுறை மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் 1886இல்தான் இருக்கையில் அமர முடிந்தது. 1888இன் ஆணைச் சட்டம் அவரது முயற்சியால் நிறைவேறியது.

அவ்வியக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்த சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை தத்துவ விவேசினி என்னும் தமிழ் இதழை நடத்தினர். அவர்கள் தேர்ந்த 'இலௌகிகம்' என்னும் சொல் மொழிபெயர்ப்பாளர் கருத்துக்குரியது. உலகு சார்ந்தது என அது உடன்பாட்டில் பொருள்படும். 1976இன் 42ஆம் திருத்தம் அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்த்த சொல்லுக்குத் தமிழில் வழங்கும் மதச்சார்பற்ற, சமயச்சார்பற்ற என்பன எதிர்மறையில் அமைந்தவை. எதிர்மறைச் சொல், சமயத்தை நீக்கியபின் எஞ்சியிருப்பது என்னும் எண்ணத்தைத் தருகிறது. அவ்வறத்துக்குத் தனக்கென ஓர் அடிப்படை உண்டு என்பதை அது உணர்த்துவதில்லை.

அவ்வடிப்படை என்ன என்பதைச் சுயமரியாதைத் திருமணத்தின் வரலாறு காட்டுகிறது. 1925இல் பெரியார் ஈ.வெ.ராமசாமி தொடங்கிய சுயமரியாதை இயக்கம், புரோகிதரும் வேள்வித்தீயும் இல்லாத திருமணங்களை 1920களின் இறுதியிலிருந்து நடத்தி வந்தது. தீயைச் சான்றாகக் கொண்ட சடங்கின் இடத்தில், மணமக்கள் தம் வாயால் கூறும் உறுதிமொழி வைக்கப்பட்டது. உற்றாரும் நண்பரும் சான்றாயினர். 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்கில், சடங்கின்றி நடந்த அத்தகைய திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது எனக் கூறியது. இதனால் அவ்வாறு மணந்தோரின் மனைவியுரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயின. 1967இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து, முன்னர் நடந்தவற்றுக்கும் சேர்த்து இத்திருமணங்களைச் செல்லத்தக்கவை ஆக்கியது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. மணமக்கள் தமக்குப் புரியும் எம்மொழியிலும் உறுதி கூறலாம் என்பது அப்பிரிவின் விதி. தெய்வச்சான்று நீங்கிய இடத்தில் புரிந்துகொள்ளலும் ஊர்ச்சான்றும் வந்து அமர்ந்தன. புறநானூற்று வஞ்சினத்தின் சான்று இங்குப் புதிய வடிவில் மீண்டது எனலாம்.

6. அரசியலமைப்பில் இரு தொடர்கள்

அரசியலமைப்பு நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் உறுதிமொழி விவாதிக்கப்பட்டபோது, கடவுளின் பெயர் சேர்க்கப்பட வேண்டும் என மகாவீர் தியாகி முதலியோர் வேண்டினர். அதனை ஏற்று விடையளித்த அம்பேத்கர் அடிப்படையான ஒரு கருத்தைக் கூறினார். மீறினால் ஒறுப்பதற்குச் சட்டத்தில் வழியற்ற, முற்றிலும் அறம் சார்ந்த கடமைகள் சில உண்டு. அவற்றை நிறைவேற்றுவதற்குச் சிலருக்குக் கடவுள் நம்பிக்கை பிணிப்பாகிறது. வேறு சிலருக்குத் தம் மனச்சான்றே போதுமானதாகிறது. எவருக்கு எது பிணிப்போ அதனை அவர் தேர்ந்துகொள்ளட்டும் என்பதே அவர் கருத்தின் சாரம். மூன்றாம் அட்டவணையில் கடவுளின் பெயரால் ஆணையிடுதல் கோட்டின் மேலும், உறுதி கூறுதல் கோட்டின் கீழுமாக அச்சிடப்பட்டுள்ளன.

தேர்வு இரண்டுக்கு இடையேதான். மூன்றாவது ஒன்றுக்கு இடமில்லை. 2001இல் கேரளச் சட்டப்பேரவையில் ஓர் உறுப்பினர் ஸ்ரீநாராயண குருவின் பெயரால் ஆணையிட்டார். அது அரசியலமைப்பு வகுத்த முறைக்கு ஒவ்வாது எனக் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. 2012இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஒருவரின் மனத்தை உண்மையில் கட்டுப்படுத்துவது எதுவோ அதுவே ஆணை என்னும் 1744இன் கொள்கைக்கு அரசியலமைப்பின் வாசகம் வரம்பு கட்டிவிட்டது என்பது இத்தீர்ப்புகளால் விளங்கும்.

7. சொல்லாய்வு

இவ்வரலாற்றின் ஒளியில் தமிழ்ச் சொற்களை நோக்கினால் அவை ஒன்றற்கொன்று மாற்றாகா என்பது புலனாகும். 'ஆணை' என்பதற்குக் கட்டளை என்னும் பொருளும் உண்டு. ஆணையிடும்போது தம்மினும் மேலான ஓர் அதிகாரத்துக்கு ஒருவர் தம்மை உட்படுத்துகிறார். 'சத்தியம்' உண்மையையும் ஆணையையும் ஒருங்கே குறிக்கிறது. அதே பொருளுடைய 'வாய்மை' என்னும் சொல்லோ ஆணை என்னும் பொருளைப் பெறவே இல்லை. 'பிரமாணம்' அளவையைக் குறித்த தருக்கச் சொல். பதவிப் பிரமாணம், பிரமாணப் பத்திரம் என நிருவாகத்தில் நிலைத்தது. 'உறுதி' திண்மையையும் நன்மையையும் குறிப்பது. அதில் வெளிச்சான்று எதுவும் இல்லை. 'மனச்சாட்சி' விவிலியத் தமிழில் நிலைபெற்ற சொல். அதன் மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் உடனறிதல். தமிழ் வடிவமோ மனத்தைச் சாட்சியாகவே நிறுத்துகிறது. சமய நூலின் மொழிபெயர்ப்பில் ஆளப்பட்ட இச்சொல்லே பின்னர்க் கடவுளை ஏற்காதவரின் அறத்துக்கும் கைகொடுத்தது.

'உளமார' என்பதும் இவ்வாறே ஆராயத்தக்கது. கண்ணார, வாயார, வயிறார என்பன போல, நிறைதற் பொருளுடைய ஆர் என்னும் வினையடியாகப் பிறந்தது இது. ஆங்கில வாசகத்தின் அடைமொழி சடங்குக்குரிய பெருமிதத்தைச் சுட்டுகிறது. மலையாளத்தில் வழங்கும் 'சகௌரவம்' என்பது கனத்தைச் சுட்டுகிறது. தமிழ்ச்சொல் மட்டுமே உறுதிமொழியின் இடத்தை உள்ளத்துக்குள் கொண்டுசெல்கிறது. 1967இல் அண்ணாதுரை தலைமையில் அமைந்த ஆட்சிக்குப் பின்னர் தமிழகப் பதவியேற்பு விழாக்களில் இச்சொல் பெருவழக்காயிற்று. இதனை 'உளமாற' என எழுதுவோர் உளர். ரகர றகர வேறுபாடு பலர் பேச்சில் மழுங்கியதால் நேரும் இப்பிழை, உள்ளம் நிறைய என்பதை உள்ளம் மாற என்றாக்கிக் கூற்றையே குலைத்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. இந்தியச் சட்டத்தில் ஆணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் உறுதிமொழியையும் அடக்கும் என 1897இன் பொது வாசகச் சட்டம் விதிக்கிறது. அவ்வாறு இரண்டையும் அடக்கும் பொதுச்சொல் தமிழில் இல்லை. ஆணை எனப் பெயர்த்தால் கடவுளை ஏற்காதவர் விடுபடுவர். உறுதிமொழி எனப் பெயர்த்தால் ஏற்பவரின் சான்று மறையும். 'பதவியேற்பு' என்னும் சொல் இரண்டையும் விலக்கிச் சிக்கலைத் தவிர்க்கிறது. ஆனால் சான்றுரைப்பவர்க்கு ஏற்பதற்குப் பதவி ஏதும் இல்லையாதலின் நீதிமன்றத்தில் அது பயன்படாது. ஆகவே 'ஆணை அல்லது உறுதிமொழி' என இரட்டைத் தொடராக எழுதுவதே தக்கது. சுருக்கம் கருதி ஒன்றை விடுவது, ஒரு சாராரின் அறத்தை ஆவணத்திலிருந்து நீக்குவதாகும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. வாய்மையும் கடமையும் இருவகை நோக்கினர்க்கும் பொது. தெய்வம், ஊர், நெஞ்சு என்னும் சான்றுகளில் எதனை முதன்மையாகக் கொள்வது என்பதிலேயே வேறுபாடு அமைகிறது. இரண்டாவதாக, அவ்வேறுபாட்டின் எல்லைக்கோடு சமயத்துக்கும் சமயமின்மைக்கும் இடையே நேராகச் செல்வதில்லை; கடவுட்பெயர் நீங்கிய உறுதிமொழியைக் கேட்டவர் பக்தர்கள், கடவுளற்ற நோன்பைக் காத்தவர் சமணரும் பௌத்தரும். மூன்றாவதாக, சான்றைச் சுட்டும் தொடர் அணி அன்று. ஒருவரின் சொல்லை நம்பத்தக்கதாக்கும் உறுப்பே அது.

1969இன் ஆணைச் சட்டம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரையும் ஆணையோ உறுதிமொழியோ ஏற்கப் பணிக்கிறது. பிறர் கூற்றைச் சரியாகவும் பிழையின்றியும் பெயர்ப்பதாக அவர் உறுதியளிக்கிறார். சான்றுரைப்பவர் தம் சொல்லுக்குப் பொறுப்பாகிறார். மொழிபெயர்ப்பாளரோ தாம் நம்பாத சான்றையும் அதன் நிறை குறையாமல் பெயர்த்துத் தரும் பொறுப்பை ஏற்கிறார். தாய்மொழி ஒன்றும் ஆட்சிமொழி வேறொன்றுமாக வாழும் ஏலப்பாறை, தேவிகுளம் போன்ற பகுதிகளில், ஒருவர் தாம் நம்பும் சான்றின் முன் நிற்கும் உரிமை அப்பொறுப்பைச் சார்ந்தே அமைகிறது.